பாறை நாட்டுப் பசும்பாதைகள்

அயர்லாந்துத் தீவின் மேற்குக் கரையிலே, கிளெயர் மாவட்டத்தின் வடபாற் கிடக்கும் நிலப்பகுதிக்குப் பரென் என்று பெயர். ஐரிஷ் மொழியில் அச்சொல்லுக்குப் பாறை நிலம் என்பது பொருள். குன்றுகள் யாவும் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். படிக்கட்டு அமைத்தாற்போல் அவை தட்டுத் தட்டாகக் கடல்வரை இறங்குகின்றன. கோடைதோறும் பல நாடுகளிலிருந்தும் மக்கள் இங்கு நடப்பதற்கென்றே வருகின்றனர். வழிகாட்டி எவரும் உடன் செல்வதில்லை. கையிலே ஒரு தேசப்படம், முதுகிலே மழையங்கியும் மதிய உணவும் வைத்த பை, அவ்வளவே. பெரும் பொதிகளை ஒரு விடுதியிலிருந்து மறு விடுதிக்கு வண்டியிற் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்க ஆட்கள் உளர். கொரோஃபின் என்னும் கிராமத்திற் புறப்பட்டு, கரன், பலிவோன் என்னும் ஊர்களைக் கடந்து அத்திலாந்திக் கரையை அடையச் சில நாட்கள் செல்லும். கம்பங்களிலே மஞ்சள் நிறத்தில் தீட்டப்பட்ட நடைமனிதனின் உருவமே வழி சொல்லும்.

ஆளரவமற்ற வெறும் பாறையினூடே தான் ஒருவன் மாத்திரம் செல்வதாக அப்பயணி எண்ணுதல் இயல்பே. ஆயினும், காலடியிற் கிடக்கும் புல் படர்ந்த பாதையை யார் உண்டாக்கினார், எதற்காக உண்டாக்கினார் என்று வினவுவானாயின், அவன் காணும் வெறுமை வேறு தோற்றங் கொள்ளும்.

இக்கல் முப்பது கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், வெப்பமான ஆழமற்ற கடலொன்றின் அடியிலே சிப்பிகளும் பவளங்களும் படிந்து உருவானது. பின்னர்ப் பனியாறுகள் அதன்மேல் ஊர்ந்து மேற்பரப்பைச் சுரண்டின. மழைநீர் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பிளவுகளை ஆழமாக்கிற்று. பெய்யும் மழை அப்பிளவுகளின் வழியே நிலத்தடிக்குப் போய்விடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டு நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆறில்லாத சுண்ணாம்பு நிலத்திலே, காலின் கீழ் நீரை வைத்துக்கொண்டு கிணற்றை நம்பி வாழ்தல் அவர்கள் அறிந்ததே. பரெனிலே சில பள்ளங்கள் மழைக்காலத்தில் நிலத்தடியிலிருந்து ஊறும் நீரால் நிரம்பி ஏரிகளாகின்றன. கோடையில் நீர் வந்த வழியே மறைய, அதே இடத்தில் மாடுகள் மேய்கின்றன. நிலத்தின் மேலேயே ஓடிக் கடலைச் சேரும் ஆறு அங்கு ஒன்றுதான் உண்டு. கஹர் என்பது அதன் பெயர்.

எனினும், பனியாறுகளே இந்நிலத்தை மொட்டையாக்கின என்று கூறிவிட முடியாது. பனி நீங்கிய பின்னர் இங்கு மண்ணும் இருந்தது. பைன் மரக்காடும் இருந்தது. ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த முதற் கமக்காரர் அக்காட்டை வெட்டத் தொடங்கினர். மரம் போகவே, மண்ணும் காலப்போக்கிற் பிளவுகளுக்குள் கழுவுண்டு போயிற்று. அம்மக்களிற் சிலர் போல்நபுரோன் என்னுமிடத்துக் கல்லறையிற் கிடந்தனர். நிமிர்ந்த கற்களின் மேலே பெரும் பலகைக்கல்லொன்றைச் சாய்த்து வைத்த அமைப்பு அது. 1986ஆம் ஆண்டு அங்கு அகழ்வாராய்ச்சி தொடங்கியபோது, முப்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. வளர்ந்தோரிற் பெரும்பாலோர் முப்பது வயதையெட்டுமுன்னரே இறந்தவர்கள். பாரஞ் சுமந்து தேய்ந்த கழுத்தெலும்புகளும், ஆயுதத்தின் கல்முனை தைத்த இடுப்பெலும்பொன்றும் அவற்றுள் இருந்தன. இன்று அவ்விடம் வரும் பயணிகளிற் சிலர் அருகிலுள்ள கற்களைப் பெயர்த்து விளையாட்டாகச் சிறு சிறு கல்லறைகள் எழுப்பிப் போகின்றனர். பழமைக்குச் செய்யும் மரியாதையென அவர்கள் கருதலாம். பெயர்க்கப்பட்ட கல்லின் கீழ் வாழ்ந்த செடியும் பூச்சியும் அவ்வாறு கருதமாட்டா.

அதன்பின் வந்தோர் விட்டுச் சென்றவையும் பலவாம். 1932இல் முயல் வேட்டைக்குச் சென்ற இளைஞன் ஒருவன் பாறைப் பிளவொன்றிலிருந்து பொன்னாரமொன்றைக் கண்டெடுத்தான்; இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வணி இப்பொழுது டப்ளின் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. வட்டமான கற்கோட்டைகள் நூற்றுக்கணக்கில் உள. தோமஸ் ஜோன்சன் வெஸ்ட்ரொப் என்னும் அறிஞர் 1922இல் தாம் இறக்கும்வரை அவற்றைத் தேடி நடந்து அளந்து வரைந்தார். 12ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி சிஸ்தேசியத் துறவியர் இங்கு ஒரு மடம் அமைத்தனர். கொர்க்கொம்ரோ என வழங்கும் அம்மடத்திற்கு அவர்கள் இலத்தீனில் இட்ட பெயர், வளமான பாறையின் புனித மரியாள் என்பதாம். வளமான பாறை! வெளியூரார்க்கு நகைப்பைத் தரத்தக்க இத்தொடர், அங்கு வாழ்ந்தவர்க்கு மெய்யாகவே இருந்தது.

அதற்குச் சான்று பகைவனிடமிருந்தே கிடைக்கிறது. 1651இல் கிரொம்வெல்லின் தளபதியாகிய எட்மண்ட் லட்லோ இவ்வழியே படையோடு சென்றான். நீரும் மரமும் மண்ணும் அருகிய இந்நாட்டிலே ஒருவனைக் கொல்வதற்கோ புதைப்பதற்கோகூட வசதியில்லையெனும் கருத்துப்பட அவன் எழுதிவைத்தது பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதே இடத்தில், இங்குள்ள மாடுகள் மிகக் கொழுத்தவை, பாறைகளிடையே முளைக்கும் புல் இனியது என்றும் அவன் குறித்திருக்கிறான். அந்தப் பிற்பகுதியை நினைவிற் கொள்வோர் சிலரே. அடுத்த சில ஆண்டுகளிலே, பிற மாகாணங்களிற் காணி பறிக்கப்பட்ட கத்தோலிக்கர் கொனொற் மாகாணத்துக்கும் கிளெயருக்கும் பெயர்ந்து செல்லுமாறு ஆணை பிறந்தது.

மாடு கொழுத்ததன் காரணம் ஒரு விநோதமான வழக்கம். ஐரோப்பாவின் மலைநாடுகளிற் கோடையில் மாடுகளை மேலே ஏற்றி, குளிர்காலத்திற் கீழே இறக்குவர். பரெனிலோ இது தலைகீழ். கோடையிலே குன்றின்மேல் நீர் வற்றிவிடும். ஆதலின் மாடுகள் கீழே நிற்கும். ஒக்டோபர் இறுதியில் அவற்றை மேலே ஏற்றுவர். கடற்காற்று மிதமானது, கோடை முழுவதும் வெயிலை உண்ட கல் அவ்வெப்பத்தை எளிதில் விடுவதில்லை, படுக்கச் சேறில்லாத தரை, ஊற்றுகளில் நீர். மாடுகள் அங்கே குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் இறங்கும். அவை முற்றிய புல்லைத் தின்று தீர்த்துவிடுவதால், வசந்தத்தில் ஜென்ஷியன் என்னும் ஆழ்ந்த நீலப் பூவுக்கும் ஒளி கிடைக்கிறது. பனிமலைச் செடியும் மத்தியதரைக்கடல் நாட்டுச் செடியும் இங்கு பக்கம் பக்கமாகப் பூப்பதைக் காண உலகெங்கிருந்தும் தாவரவியலறிஞர் வருகின்றனர். அப்பூக்களைக் காத்தது மாட்டின் வாய் என்றால் மிகையாகாது. மந்தைகள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய வழிகளே இன்று பசும்பாதைகள் எனப்படுவன. இருபுறமும் கற்சுவர், நடுவே புல், தார் படாத தரை. நடைப்பயணி மனமுவந்து செல்வது இவற்றின் மீதே.

எல்லாப் பாதையும் மாட்டுக்கெனப் பிறந்ததன்று. 1845இல் உருளைக்கிழங்கை நோய் பற்றியது. ஏழை மக்களுக்கு வேறு உணவில்லை. இலவசமாக உணவளித்தால் மக்கள் சோம்பேறிகளாவர் என்பது அன்றைய ஆட்சியாளரின் கொள்கை; ஆகவே பசித்தவன் கல்லுடைத்துத் தெருப்போட்டுக் கூலி வாங்க வேண்டியதாயிற்று. 1847 மார்ச்சில் அயர்லாந்து முழுவதும் இவ்வாறு நிவாரண வேலை செய்தோர் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர். கூலியோ விலையேறிய உணவை வாங்கப் போதவில்லை. போக்குவரத்துக்குத் தேவையற்ற தெருக்களும் குன்றின் பாதியிலே முடிந்துவிடும் தெருக்களும் அக்காலத்தில் எழுந்தன. பலிவோனிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் தெருவும் பஞ்சகால வேலையே என்று ஊரார் சொல்வர். 1841இல் கிளெயர் மாவட்டத்தின் குடித்தொகை 2,86,394. 1851இல் அது 2,12,440. பத்தாண்டுகளில் நான்கிலொரு பங்கினர் இறந்தும் கப்பலேறியும் மறைந்தனர். இன்று பயணி அமர்ந்து தேநீர் அருந்தும் மேட்டின் அருகே கூரையற்ற வீடொன்று நிற்குமாயின், அது இக்கணக்கைச் சேர்ந்ததாயிருத்தல் கூடும்.

இன்ப நடைக்கென வந்தோரின் வரலாறு இதற்குப் பிற்பட்டது. தாவரவியலறிஞர் ரொபர்ட் லொயிட் பிரேகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஐந்தாண்டுகளில் அயர்லாந்தெங்கும் ஏறக்குறைய 5,000 மைல் நடந்து செடிகளைக் கணக்கெடுத்தார். ஆங்கிலேயரான டிம் ரொபின்சன் 1972இல் அயலிலுள்ள அரன் தீவிற் குடியேறி, அங்குமிங்குமாக நடந்து, 1977இல் பரெனின் தேசப்படத்தை வெளியிட்டார். பழைய படங்களிற் சிதைந்திருந்த ஐரிஷ் இடப்பெயர்களை ஊர் முதியோரிடம் கேட்டுக் கேட்டுக் குறித்தமையே அப்படத்தின் சிறப்பு. வழிகாட்டியின்றி நடப்பவன் உண்மையில் அம்முதியோரின் வழிகாட்டலிலேயே நடக்கிறான்.

வருவோர் தொகை பெருகவே, அவர்களை எவ்வாறு வரவேற்பது என்னும் வழக்கு எழுந்தது. 1991இல் முல்லாமோர் என்னும் குன்றின் அடிவாரத்தில் வருகையாளர் நிலையமொன்றை அமைக்க அரசாங்கம் முற்பட்டது. வேலைவாய்ப்பு வரும் என்றனர் ஒரு சாரார். வண்டிகளும் கழிவுநீரும் குன்றைக் கெடுக்கும் என்றனர் மறு சாரார். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது; பிள்ளைகள் பிறவூர்களுக்குப் பிழைக்கப் போவதைக் கண்டவர்கள் வேலையைக் கேட்டதிற் குற்றமென்ன? அயலார் அயலாரோடு பேசாதொழிந்தனர். 1993இல் நீதிமன்றம் கட்டட வேலையை நிறுத்திற்று. 2000ஆம் ஆண்டில் திட்டமிடற் சபை அனுமதியை மறுத்தது. அரைகுறையாக எழுந்தது பின்னர் அகற்றப்பட்டது.

அவ்வழக்கினூடே ஓருண்மை புலப்பட்டது. மாடு ஏறாவிடிற் பரென் நில்லாது. ஆட்கள் குறைந்தமையாலும், பண்ணைமுறை மாறிக் கொட்டிலிலேயே தீவனம் இடப்பட்டமையாலும், குன்றுகளில் மேய்ச்சல் அருகிற்று. ஹேசல் புதர் பூக்களையும் பாதைகளையும் மூடலாயிற்று. 2005இல் தொடங்கிய திட்டமொன்று கமக்காரரையும் விஞ்ஞானிகளையும் ஒருங்கு சேர்த்தது. புதர் வெட்டவும், சுவர் கட்டவும், மந்தையைப் பழையபடி மேலேற்றவும் கமக்காரருக்குப் பணம் அளிக்கப்பட்டது. இன்னுமொன்று: அயர்லாந்தில் பிறர் காணியூடே நடக்கும் பொதுவுரிமை நடைப்பயணிக்கு இல்லை. பல இடங்களில் அவன் கமக்காரரின் இசைவினாலேயே நடக்கிறான்.

பயணத்தின் இறுதியிலே கஹர் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே இறங்கினால் ஃபனோர் கடற்கரை. சாம்பல் நிறத் தட்டுகள் அலைக்குள் இறங்கி மறைகின்றன. அப்பால், அதே கல்லாலாகிய அரன் தீவுகள் தெரிகின்றன. ஒக்டோபர் முடிவதற்குள் பயணிகளின் வரவு குறைந்துவிடும். அப்பொழுது பட்டி திறக்கப்பட, தடியுடன் பின்னே வரும் மனிதரின் குரல் கேட்டு, மாடுகள் பசும்பாதை வழியே மேலே ஏறத் தொடங்கும்.