ஆறாம் வளைவில் இருந்தவர்கள்

சக்கரங்களின் சரித்திரம் – 17

டேடோனாவைப் பற்றிப் பழைய ஸ்டாக் கார் ரசிகரிடம் பேச்சுக் கொடுத்தால், யார் ஜெயித்தார் என்பதில் ஆரம்பிப்பார். ரிவர்சைடு என்று சொல்லிப் பாருங்கள். தான் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதில்தான் ஆரம்பிப்பார். ஒருவர் ஆறாம் வளைவு என்பார், இன்னொருவர் ஒன்பதாம் வளைவு என்பார். யார் ஜெயித்தார் என்ற விஷயம் அதற்கப்புறம் சாவகாசமாக வரும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற வாரங்களில் நாம் பார்த்த தடங்கள் பெரும்பாலும் நீள்வட்டமானவை. நல்ல இருக்கை கிடைத்துவிட்டால் முழுப் பந்தயமும் கண்ணெதிரே நடக்கும். கார்கள் இடது பக்கமே திரும்பித் திரும்பி அதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கும். ரிவர்சைடு அப்படியில்லை. மேடு, பள்ளம், குன்று, வளைவு என்று நாலு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்த தடம் அது. எங்கே உட்கார்ந்தாலும் ஒரு துண்டுதான் தெரியும். கார் வரும், போகும், மறையும். அடுத்த சுற்றில் அது வராவிட்டால் என்ன ஆயிற்று என்று பக்கத்து ஆளைக் கேட்க வேண்டும். பந்தயம் முடிந்த பிறகு ஒவ்வொருவரும் தான் பார்த்த துண்டைச் சொன்னால்தான் முழுக் கதை கிடைக்கும். ரிவர்சைடு ரசிகர்கள் இத்தனை வருஷமாக ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு அதுவே முக்கியமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாலைக்காற்றில் ஒரு தடம்

லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், காய்ந்த குன்றுகளுக்கு நடுவே, 1957இல் திறக்கப்பட்டது ரிவர்சைடு இன்டர்நேஷனல் ரேஸ்வே. கோடையில் வெயில் கொளுத்தும், காற்றடித்தால் புழுதி கிளம்பும். தடத்தை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் மணல் வாரித் தெறித்து, பின்னால் வருபவருக்கு வழியே தெரியாது.

தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் இடமும் வலமுமாகத் தொடர்ந்து வளைவுகள். பிறகு மேட்டில் ஏறினால் ஆறாம் வளைவு. அங்கே வேகத்தை அடியோடு குறைத்தாக வேண்டும். அப்புறம் இறக்கம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நேர்ப்பாதை. அந்த நேர்ப்பாதையில் எடுத்த முழு வேகத்தையும் கரைக்க வேண்டிய இடம் ஒன்பதாம் வளைவு. வலது பக்கமாக அரைவட்டம் போட்டுத் திரும்பும் அந்த வளைவின் வெளி ஓரத்தில் இரும்புத் தகட்டுச் சுவர். அங்கே பிரேக் கைவிட்டால் தப்பிக்க இடமே கிடையாது.

அந்தக் காலத்து ஸ்டாக் கார் எப்படிப்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஃபோர்டு கேலக்ஸி போன்ற பெரிய குடும்பக் கார்தான் அது. உள்ளே 7 லிட்டர் எஞ்சின், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இடது பக்கம் திரும்பிப் பழகிய அந்தக் கனமான வண்டியை வலமும் இடமுமாக ஒடித்து, கியரை மாற்றி மாற்றி, 500 மைல் ஓட்ட வேண்டும். முதல் மணி நேரத்திலேயே பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். மிச்ச நேரத்தைச் சாமர்த்தியத்தால்தான் ஓட்ட வேண்டும்.

உள்ளூர்ப் பையன்

1963 ஜனவரி 20. நாஸ்கார் எனும் ஸ்டாக் கார் பந்தய வட்டாரத்தின் பெரிய தலைகள் தென் மாநிலங்களிலிருந்து கிளம்பிக் கலிபோர்னியாவுக்கு வந்து இறங்கினார்கள். அந்த ரிவர்சைடு 500 பந்தயம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நடந்தது. ஜெயித்தவர் டான் கர்னி. இண்டியானாபோலிஸ் வீரர் ஏ.ஜே.ஃபாய்ட் இரண்டாவதாக வந்தார்.

கர்னிக்கு ரிவர்சைடு சொந்த ஊர் மாதிரி. நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாடகர். அவர் ஓய்வு பெற்ற பிறகு குடும்பம் ரிவர்சைடுக்குக் குடிவந்தது. சுற்றுவட்டாரத்து ஆரஞ்சுத் தோப்புகளும் வறண்ட ஏரிப் படுகைகளும்தான் அந்தப் பையனுக்குக் கார் பைத்தியம் பிடித்த இடங்கள். தடம் திறந்த 1957லேயே, அங்கே ஒரு பெரிய ஃபெராரியை ஓட்டி, கரோல் ஷெல்பிக்கு அடுத்தபடியாக இரண்டாமிடம் பிடித்துப் பெயர் வாங்கியவர். 1962இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் போர்ஷேவுக்கு ஃபார்முலா ஒன் வெற்றி தேடித் தந்தவரும் அவரே.

அவருடைய பலம் காலில் இருந்தது. பிரேக்கை எங்கே மிதிக்க வேண்டும் என்பதைவிட எங்கே மிதிக்காமல் விடலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களின் பிரேக் தேய்ந்து புகையும் நேரத்தில் அவர் வண்டியில் மிச்சம் இருக்கும்.

1964 முதல் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டூவர்ட் ஊரைச் சேர்ந்த உட் சகோதரர்கள் அவருக்குக் காரைத் தயார் செய்து கொடுத்தார்கள். அவர்களுடைய வழக்கமான எண் 21. கர்னிக்காக முன்னால் ஒரு 1 சேர்த்து 121 ஆக்கினார்கள். 1964, 1965, 1966, 1968 என்று அந்த எண் ஜெயித்துக்கொண்டே இருந்தது. நடுவில் 1967இல் ஜெயித்தவர் பார்னெலி ஜோன்ஸ். அவரும் கலிபோர்னியாவில் வளர்ந்தவர்தான். ஆக, 1963 முதல் 1968 வரை ஆறு ஜனவரிகளிலும் கோப்பை உள்ளூரை விட்டு நகரவில்லை. தென் மாநில வீரர்கள் வந்தார்கள், தோற்றார்கள், டேடோனாவுக்குக் கிளம்பினார்கள்.

கர்னி நாஸ்காரின் உச்சப் பிரிவில் கலந்துகொண்டது மொத்தம் 16 பந்தயங்கள். ஜெயித்தது ஐந்து. ஐந்தும் ரிவர்சைடில்.

துண்டுகளில் தெரிந்த துயரம்

கர்னி வென்ற அதே 1964 பந்தயத்தை ஆறாம் வளைவுக்காரர்கள் வேறுவிதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். அன்று ஜனவரி 19. முந்தைய இரண்டு வருஷமும் சாம்பியனான ஜோ வெதர்லி, கியர் கோளாறில் பல சுற்றுகள் பின்தங்கி, சரிசெய்துகொண்டு மறுபடி களமிறங்கியிருந்தார். ஆறாம் வளைவில் கார் சுவரில் மோதியது. பார்ப்பதற்குப் பெரிய மோதல் இல்லை. ஆனால் தோள் பட்டை அணியாததால் அவர் தலை ஜன்னலுக்கு வெளியே போய்ச் சுவரில் அடிபட்டு உயிர் போனது. தீப்பிடித்தால் காருக்குள் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் தோள் பட்டையைத் தவிர்த்து வந்தவர் அவர்.

1963இல் ஒன்பது வெவ்வேறு அணிகளின் கார்களை மாற்றி மாற்றி ஓட்டிச் சாம்பியன் ஆன மனிதர் வெதர்லி. சிரிப்பும் குறும்புமாக எல்லோரையும் கலகலக்க வைத்தவர். தடத்தின் மறுகோடியில் இருந்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு கார் வரவில்லை என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும். ஜன்னலில் வலை கட்டும் விதி வருவதற்கு, 1970இல் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருள வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் ஒன்பதாம் வளைவின் முறை. 1965 ஜனவரி 17 அன்று, நேர்ப்பாதையின் முடிவில் ஃபாய்ட்டின் பிரேக் வேலை செய்யவில்லை. முன்னால் போன கார்களை இடிக்காமல் இருக்க வண்டியைத் தடத்துக்கு வெளியே திருப்பினார். கார் மேட்டிலிருந்து உருண்டு விழுந்தது. உயிர் போய்விட்டது என்றே அங்கே இருந்தவர்கள் நினைத்தார்கள் என்றும், பார்னெலி ஜோன்ஸ்தான் ஓடிவந்து அவர் வாயில் அடைத்திருந்த மண்ணைத் தோண்டி எடுத்து மூச்சுவிட வைத்தார் என்றும் ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். முதுகெலும்பு முறிந்த ஃபாய்ட் நாலே மாதத்தில் இண்டியானாபோலிஸில் முதல் இடத்திலிருந்து பந்தயத்தைத் தொடங்கினார். 1970இல் ரிவர்சைடுக்குத் திரும்பி வந்து ஜெயித்தும் காட்டினார்.

விவசாயியும் இன்ஜினியரும்

கர்னியைப் பார்க்காத அடுத்த தலைமுறை ரசிகர்கள் ரே எல்டர் பெயரைச் சொல்வார்கள். ஃப்ரெஸ்னோ பக்கத்தில் காருதர்ஸ் என்ற சிற்றூர். அங்கே விவசாயம் செய்துகொண்டே மேற்குக் கடற்கரைப் பந்தயங்களில் ஓட்டி வந்தவர் எல்டர். 1971 ஜனவரியில் தன் டாட்ஜ் காருடன் வந்து பாபி அலிசனை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். தற்செயலாக நடந்தது என்று சொன்னவர்களுக்கு 1972 ஜூனில் மறுபடி ஜெயித்துப் பதில் சொன்னார். நாட்டின் பெரிய பட்டறைகளில் பணத்தைக் கொட்டி உருவான கார்களை ஒரு விவசாயி இரண்டு தரம் வென்றது நீள்வட்டத் தடத்தில் சுலபமாக நடக்கக்கூடிய காரியமில்லை. அங்கே குதிரைசக்தி பேசும். இங்கே தடத்தின் ஒவ்வொரு மேடும் மனப்பாடமாக இருப்பவருக்கு அனுகூலம் அதிகம்.

1973 ஜனவரியில் இன்னொரு வகை ஆள் வந்தார். மார்க் டோனஹ்யூ, பிரௌன் பல்கலைக்கழகத்தில் படித்த இன்ஜினியர். முந்தைய வருஷ இண்டியானாபோலிஸ் 500 வெற்றியாளர். ரோஜர் பென்ஸ்கி அவருக்குக் கொடுத்தது ஏ.எம்.சி. மேட்டடார். பறக்கும் செங்கல் என்று மற்றவர்கள் கேலி செய்த கார் அது. ஆனால் அந்தச் செங்கல்லின் நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருந்தது. ரிவர்சைடில் பிரேக் பிழைத்தால் பந்தயமே பிழைக்கும் என்பதைக் கணக்குப் போட்டுச் செய்த வேலை. பென்ஸ்கி அணிக்கு நாஸ்காரில் அதுதான் முதல் வெற்றி. இன்று அந்த அணி நாஸ்காரின் பெரிய அணிகளில் ஒன்று.

இதற்குள் தென் மாநிலத்தவரும் வலது பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ரிச்சர்ட் பெட்டி ரிவர்சைடில் கர்னிக்குச் சமமாக ஐந்து வெற்றிகளும், பாபி அலிசன் ஆறு வெற்றிகளும் பெற்றார்கள். சாலைத் தடத்துக்காக மட்டும் அழைத்துவரப்படும் வெளி ஆள் ஜெயிக்கும் காலம் டோனஹ்யூவோடு கிட்டத்தட்ட முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2023 ஜூலையில், சிகாகோவின் தெருக்களில் நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பர்கன் முதல் முயற்சியிலேயே ஜெயித்தபோதுதான் பழைய ரசிகர்களுக்கு மறுபடி ரிவர்சைடு ஞாபகம் வந்தது.

கர்னிக்கும் கடைசியாக ஒரு அத்தியாயம் பாக்கியிருந்தது. 1980 ஜனவரியில், 48 வயதில், ஒரே ஒரு பந்தயத்துக்காகத் திரும்பி வந்தார். அணித்தோழர் டேல் ஏர்ன்ஹார்ட் என்ற இளைஞர். கர்னி முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்தபோது கியர்பாக்ஸ் உடைந்தது. ஏர்ன்ஹார்ட் அந்த வருஷமே தன் முதல் சாம்பியன் பட்டத்தை வென்றார்.

கடைசி ஜூன்கள்

எண்பதுகளின் ரசிகர்கள் 1987 ஜூன் 21ஐ விட்டுக்கொடுக்க மாட்டார்கள். டிம் ரிச்மண்ட் உடல்நலம் குன்றி அந்த ஆண்டின் தொடக்கப் பந்தயங்களைத் தவறவிட்டிருந்தார். ஜூனில் திரும்பி வந்து போகோனோவில் ஜெயித்தார். அடுத்த ஞாயிறு ரிவர்சைடிலும் ஜெயித்தார். அதுதான் அவருடைய கடைசி வெற்றி. 1989 ஆகஸ்டில், 34 வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்தார். அன்று கைதட்டியவர்கள் யாருக்கும் அவர் நோயின் பெயர் தெரியாது. தெரிந்த பிறகு, அந்த வெற்றி அவர்கள் மனதில் இன்னும் பெரிதாகிவிட்டது.

ரிவர்சைடுக்கும் அப்போது நாள் குறிக்கப்பட்டிருந்தது. தடம் இருந்த மொரேனோ வேலி 1984இல் தனி நகரமாகி வேகமாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நிலத்தின் விலை, பந்தய நுழைவுச் சீட்டால் ஈடுகட்ட முடியாத உயரத்துக்குப் போனது. 1988 ஜூன் 12 அன்று நடந்த கடைசி நாஸ்கார் பந்தயத்தில் ரஸ்டி வாலஸ் வென்றார். மறுவருஷம் அந்த ஜூன் பந்தயம் வட கலிபோர்னியாவின் சியர்ஸ் பாயிண்டுக்குப் போனது. ரிவர்சைடு நிலத்தில் 1992இல் ஒரு வணிக வளாகம் திறந்தது. சுற்றிலும் குடியிருப்புகள் வந்தன.

இப்போது அங்கே போய் எந்த இடம் எந்த வளைவு என்று கண்டுபிடிப்பது கடினம். பதிவேடுகளில் வெற்றியாளர், சுற்று எண்ணிக்கை, சராசரி வேகம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கர்னியின் 121 எப்படி ஆறாம் வளைவில் மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் போட்டது, எல்டர் வந்தபோது எந்தக் குன்றில் சத்தம் அதிகம் கேட்டது என்பதெல்லாம் ஏட்டில் ஏறாத சமாச்சாரங்கள். ஒரு காலத்தில் பந்தயத்தின் மிச்சத் துண்டுகளைத் தெரிந்துகொள்ளப் பேசிய ரசிகர்கள், இன்று தடத்தின் மிச்சத் துண்டுகளைப் பிடித்துவைக்கப் பேசுகிறார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார். மறுக்கட்டும். இருவரும் வேறு வேறு வளைவில் அல்லவா உட்கார்ந்திருந்தார்கள்!

அடுத்த வாரம்: எல்லா வளைவுகளிலும் தொலைக்காட்சிக் கேமரா இருந்தும் சர்ச்சை தீராத ஒரு கடைசிச் சுற்று. 2012 ஆகஸ்ட், வாட்கின்ஸ் கிளென். தடமெங்கும் எண்ணெய், மூன்று கார்கள், ஒரே ஒரு கொடி.