ஒருநாள் வேட்டையும் ஒரு சின்னப் பையும்

கண்ணப்ப நாயனாரிடம் பை கிடையாது.

பெரியபுராணக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேடர் குலத்துத் திண்ணன் காளத்தி மலையில் சிவலிங்கத்தைப் பார்க்கிறான். அதற்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று ஓடுகிறான். ஒரு கையில் வில். மறு கையில் இலைத் தொன்னை, அதில் இறைச்சி. பூவை எங்கே வைப்பது? தலைமுடியில் செருகிக்கொள்கிறான். தண்ணீரை எதில் எடுப்பது? வாயில் நிரப்பிக்கொள்கிறான்.

பக்திக் கதையாகவே படித்துப் பழகிய இந்தக் காட்சியில் ஒரு வேட்டைக்காரனின் அன்றாடச் சிக்கலும் இருக்கிறது. வேட்டைக்குப் போகிறவனுக்குக் கை காலியாக இருக்க வேண்டும். ஆனால் கருவி, தண்ணீர், நெருப்பு, பிடிபட்டது என்று எடுத்துப்போக வேண்டியவை நாலைந்தாவது இருக்கும். அதற்கு மனிதன் கண்டுபிடித்த விடைதான் பை. ஒரு சின்னப் பைக்கு வரலாறா என்று கேட்கலாம். மரக்காணம் கரையில் நின்று பார்த்தால் அந்த வரலாறு நன்றாகவே தெரிகிறது.

5,300 ஆண்டு பழைய பை

முதலில் கொஞ்சம் தொலைவாகப் போய் வருவோம். 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவன். ஏட்சி என்று பெயர் வைத்தார்கள். அவன் இடுப்பில் தோலால் ஆன சிறு பை ஒன்று இருந்தது. அதற்குள் இருந்தவை: சுரண்டவும் துளையிடவும் அறுக்கவும் சில சிக்கிமுக்கிக் கற்கருவிகள், ஓர் எலும்பு ஊசி, நெருப்பு மூட்ட உதவும் காய்ந்த காளான். அவ்வளவுதான்.

ஒருநாள் பயணத்துக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் பழைய பதில்களில் இதுவும் ஒன்று. பெரிய சாமான் முதுகில், உடனே தேவைப்படுவது இடுப்பில். இந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை.

எயினர் நாடு

இனி நம் ஊருக்கு வருவோம். சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. அந்த நூலில் வரும் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரே இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதற்கு அடுத்து வரும் வேலூர் இன்றைய உப்புவேலூர்தான் என்றும் சொல்கிறார்கள். அங்கே எயினர் என்ற வேட்டுவக் குடியினர் வழிப்போக்கர்களுக்குப் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் கொடுத்து உபசரிப்பதாகப் பாட்டு சொல்கிறது.

அதாவது இந்தக் கரையில் உப்பும் மீனும் மட்டும் இல்லை, வேட்டையும் பழைய தொழில்தான். நிலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். கிழக்கே கடல். அதை ஒட்டி உப்பளப் பாத்திகள். பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இங்கேதான். தென்மேற்கே கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் நல்ல தண்ணீரும், கோடையில் கழிமுகம் வழியாக ஏறும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடம் அது. வலசை வரும் பறவைகளுக்கு அது பெரிய பந்தி. சுற்றிலும் பனை, முள்புதர், நெல் வயல். நெல் இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு இருக்கும்.

இருளர் பை

விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பரவலாக வாழும் பழங்குடியினர் இருளர். உப்பளங்களிலும் செங்கல் சூளைகளிலும் இன்று கூலி வேலை செய்யும் இவர்களின் பழைய தொழில் எலியும் பாம்பும் பிடிப்பது. காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பும் வேட்டை. எடுத்துப்போகும் சாமான் மிகக் குறைவு: ஒரு சிறு கடப்பாரை, ஒரு குச்சி, ஒரு துணிப்பை. எலிக்குப் போனால் புகை போட ஒரு மண்சட்டி.

துணிப்பை ஏன்? பருத்தித் துணியில் காற்றுப் போகும். உள்ளே கிடக்கும் பாம்பு மூச்சு முட்டிச் சாகாது. வெயிலில் வைத்தால் மட்டும் சீக்கிரம் செத்துவிடும், அதனால் பையை நிழலில்தான் வைக்க வேண்டும். வாயை முறுக்கிக் கட்டிவிட்டால் வெளியே வர வழியில்லை. ஆனால் துணி வழியாகவும் பாம்பு கடிக்கும்! ஆகவே பையை உடம்போடு சேர்த்துத் தொங்கவிடக் கூடாது. பிடிப்பவனுக்கு வசதி, பிடிபட்ட உயிருக்குக் காற்று, தோளுக்குப் பாதுகாப்பு. மூன்றையும் சேர்த்து யோசித்துத் தேர்ந்தெடுத்த பை அது.

எலி வேட்டைக்குப் போனால் பையில் நெல்லும் சேரும். வயல் எலி தன் வளைக்குள் கதிர்களைச் சேர்த்து வைக்கும். வளையைத் தோண்டினால் கறியும் கிடைக்கும், ஒரு வேளைக்கான அரிசியும் கிடைக்கும். 2021-ல் வந்த ஜெய் பீம் படம் பார்த்தவர்களுக்கு எலி பிடிக்கும் காட்சி நினைவிருக்கும்.

கழிமுகத்தில் இறால் தடவும்போது துணிப்பை உதவாது. தண்ணீருக்குள் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவ வேண்டும். அதனால் பனையோலையில் பின்னிய பறி ஒன்றைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். பிடித்த இறால் நேராகப் பறிக்குள் போகும். கண்ணப்பர் வாயில் தண்ணீர் கொண்டுபோனது போலத்தான் இதுவும். கை இரண்டும் வேலையில் இருந்தால் வாய்தான் மூன்றாவது கை.

நரிக்குறவர் பைகள்

நரிக்குறவர்களின் கதை வேறு. வாக்ரிபோலி என்ற, வட இந்திய மொழிகளோடு உறவுடைய மொழியைப் பேசும் இவர்களுக்கு நாட்டுத்துப்பாக்கிதான் வேட்டைக் கருவியாக இருந்தது. குழல் வாய் வழியாக மருந்து இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரு பை போதாது. கருமருந்து தனி, ஈய ரவை தனி, அடைக்கும் நார் அல்லது கந்தல் தனி, பற்றவைக்கும் கேப்பு தனி. கருமருந்தில் ஈரம் ஏறினால் வெடிக்காது. பொறி பட்டால் பையே வெடிக்கும். கடல்காற்று வீசும் கரையில் மருந்தை உலர்ந்ததாகக் காப்பது பெரிய வேலை. உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் மாட்டுக் கொம்பைக் குடைந்து மூடி போட்டு மருந்து வைத்துக்கொண்டது இதனால்தான்.

நரிக்குறவர்களிடம் இன்னொரு பையும் உண்டு. அது சாமி மூட்டை. குலதெய்வத்தின் உருவமும் துணிகளும் அதற்குள் இருக்கும். வெளியார் தொடக் கூடாது. ஊர் ஊராகப் போகும் மக்களுக்குக் கோயில் கட்ட நிலம் ஏது? சாமியும் மூட்டைக்குள்தான் குடியிருந்தது.

துரைமார் பை

ஐரோப்பியர் வந்தபோது வேறு மாதிரிப் பைகளும் வந்தன. ஹேவர்சாக் என்ற சொல்லுக்கு மூலப் பொருள் ஓட்ஸ் தானியப் பை. ஜெர்மனியில் குதிரைக்குத் தீனி கொண்டுபோன பை பிரான்சுக்குப் போய், சிப்பாயின் தோளில் ஏறி, கடைசியில் வேட்டைக்காரனிடம் வந்தது. பறவை சுடுபவர்களின் பைக்கு முன்பக்கம் வலை பின்னியிருக்கும். சுட்ட பறவை காற்றுப்பட்டு ஆறினால்தான் கெடாது.

பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு இயற்கையாளர்கள் தங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொன்னரா, 1816-ல் லெஷனோ. நம் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் சொன்னராவின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பறவை சேகரிப்பாளர்கள் பையில் பஞ்சும் வைத்திருப்பார்கள். குண்டு பட்ட இடத்தில் பஞ்சை அடைத்தால் இறகில் ரத்தம் படாது.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். துரைகளின் வேட்டையில் பை பெரும்பாலும் துரையின் தோளில் இருக்காது. உள்ளூர் ஆள் ஒருவரின் தோளில் இருக்கும். வழி காட்டியவரும் அவர்தான், விலங்கு எங்கே இருக்கும் என்று சொன்னவரும் அவர்தான். புத்தகத்தில் பெயர் வந்தது மட்டும் துரைக்கு.

பையே குற்றமான காலம்

1871-ல் ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடியினர் சட்டம் கொண்டுவந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அலைந்து திரியும் பல சமூகங்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று எழுதப்பட்டன. தோளில் பையுடன் ஊருக்குள் வரும் அந்நியன் என்றாலே சந்தேகம்! 1952-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சந்தேகம் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. திருட்டு நடந்தால் முதலில் இருளர், குறவர் குடியிருப்பைத் தேடிப் போகும் பழக்கம் வெகுகாலம் தொடர்ந்தது.

அடுத்து 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அதுவரை இருளர்களின் பையிலிருந்து போன சாரைப்பாம்புத் தோல், வெளிநாட்டில் செருப்பும் கைப்பையுமாக மாறிக்கொண்டிருந்தது. ஆம், வேட்டைப் பையிலிருந்து சீமாட்டிகளின் கைப்பைக்கு!

சட்டம் தேவையான சட்டம்தான், அதில் சந்தேகமில்லை. விலங்குகள் அவ்வளவு வேகமாக அழிந்துகொண்டிருந்தன. ஆனால் தோலில் பெரிய லாபம் பார்த்தவர்கள் வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். பை தூக்கியவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. நரிக்குறவர்கள் ஊசிமணி பாசிமணிக்கு முழுதாக மாறினார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்ததே 2022 டிசம்பரில்தான்.

அதே பை, வேறு வேலை

இருளர்களுக்கு ஒரு வழி பிறந்தது. ராமுலஸ் விட்டேகர் முன்முயற்சியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியுடன் பிடிக்கிறார்கள். துணிப்பையில் வரும் பாம்பு மண்பானைக்குள் போகிறது. சில வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்து, அடையாளம் இட்டு, உயிரோடு திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்பது இப்போது புரியும்.

2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை என்ன செய்வதென்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போய் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. தடம், எச்சம், சட்டை ஆகியவற்றைப் படிக்கும் கண் இருந்தது. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 5,151.60 ஹெக்டேர். சரணாலயத்தில் வேட்டையாடினால் ஏழு ஆண்டு வரை சிறை. இப்போது அங்கே பையோடு வருகிறவர்கள் பறவை பார்க்க வருகிறவர்கள். பைனாகுலர், தண்ணீர்ப் புட்டி, குறிப்பேடு, தொப்பி. ஒருநாளுக்குப் போதுமான சாமான், காலியான கைகள். ஏட்சியின் கணக்கேதான்.

அவர்களும் கரையில் ஓர் இருளர் முதியவரிடம்தான் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்று கேட்க வேண்டியிருக்கும். இந்தமுறை அவர் பெயரையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் நல்லது.