டெக், டி.வி., ஸ்டீரியோ: தமிழ்நாட்டு வீடுகளில் வீடியோ இணைப்பின் வரலாறு

வீடியோ கேசட்டை ஓட்டும் கருவி தமிழ்நாட்டில் 'டெக்' என்றே அறியப்பட்டது. ஓட்டவும் பதிவு செய்யவும் கூடியது வி.சி.ஆர்.; ஓட்ட மட்டுமே கூடியது வி.சி.பி. பேச்சு வழக்கில் இரண்டும் டெக்தான். 1980களிலும் 1990களிலும் இக்கருவி வீட்டுத் தொலைக்காட்சியுடனும் பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவுடனும் இணைக்கப்பட்டது. டெக்கின் திறனைவிட, தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தில் என்ன துளை இருந்தது என்பதே அந்த இணைப்பு முறையைத் தீர்மானித்தது. பழைய கேசட்டுகளைக் காப்பாற்ற முனைவோர் இன்று சந்திக்கும் சிக்கலும் அதுவே.

அலை எட்டாத ஊரில் திரை

சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் முறையை 1975இலும், ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையை 1976இலும் ஜப்பானில் அறிமுகம் செய்தன. ஒன்றின் கேசட் மற்றொன்றில் ஓடாது. உலகச் சந்தையில் வி.எச்.எஸ். வென்றது, தமிழ்நாட்டிலும் அதுவே நிலைத்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் அலை சென்னையைச் சுற்றிய பகுதிகளுக்கே கிடைத்தது. சாலை வழியே சுமார் 340 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேலத்துக்கு அது எட்டவில்லை. 1982இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984 வாக்கில் நாடெங்கும் குறைதிறன் அஞ்சல் நிலையங்கள் வேகமாக அமைக்கப்பட்டன. ஆனாலும் தமிழ் நிகழ்ச்சிகளும் தமிழ்ப் படங்களும் குறைந்த நேரமே கிடைத்தன.

இந்த இடைவெளியை நிரப்பியது டெக். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்தவை, சென்னை பர்மா பஜாரில் வாங்கியவை எனப் பல வழிகளில் அவை வந்து சேர்ந்தன. சொந்தமாக வாங்க இயலாதவர்கள் டெக்கையும் தொலைக்காட்சியையும் கேசட்டுகளையும் சேர்த்தே ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். சேலத்தில் ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி அமைந்துள்ள ஃபேர்லேண்ட்ஸ் போன்ற குடியிருப்புப் பகுதிகள் இத்தகைய கருவிகளுக்கு ஏற்ற சூழல் கொண்டவை. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தால் பெயர்பெற்ற அந்த நகரத்துக்குத் திரைப்படம் புதிதல்ல. அதை வீட்டுக் கூடத்தில் ஓட்டுவதே புதிது.

ஆன்டெனா வழி

அக்காலத் தொலைக்காட்சிகள் பெரும்பாலானவற்றில் வெளியிலிருந்து படத்தைப் பெற ஒரே வழிதான் இருந்தது: ஆன்டெனா சாக்கெட். எனவே டெக்குக்குள் மாடுலேட்டர் என்ற சிறு ஒளிபரப்பி பொருத்தப்பட்டது. அது நாடாவிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் ஒரு சேனலின் அலையாக மாற்றி ஒயர் வழியே அனுப்பும். கருவியைப் பொறுத்து அது வி.எச்.எஃப். 3 அல்லது 4 ஆக இருக்கலாம்; யு.எச்.எஃப். 36ஐ ஒட்டிய ஒரு சேனலாகவும் இருக்கலாம்.

இணைப்பு முறை எளிது. மொட்டை மாடி ஆன்டெனாவின் ஒயர் டெக்கின் உள்ளீட்டில் செருகப்படும். டெக்கின் வெளியீட்டிலிருந்து இன்னொரு ஒயர் தொலைக்காட்சிக்குப் போகும். பிறகு தொலைக்காட்சியில் ஒரு பொத்தானை ஒதுக்கி, அதன் சிறு சக்கரத்தைத் திருகிப் படம் தெளியும் வரை டியூன் செய்ய வேண்டும். ஆன்டெனா ஒயர் தட்டையான 300 ஓம் வகையாகவும் டெக்கின் சாக்கெட் 75 ஓம் வகையாகவும் இருந்தால், இடையில் 'பலூன்' என்ற சிறு மாற்றி தேவைப்படும்.

சில தொலைக்காட்சிகளில் படத்தின் மேல்விளிம்பு கொக்கிபோல் வளைந்து ஆடும். நாடா ஓட்டத்தின் நேர ஒழுங்கு, ஒளிபரப்பின் ஒழுங்கைப் போலத் துல்லியமாக இராததே காரணம். பின்னர் வந்த தொலைக்காட்சிகளில் இந்தத் தடுமாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் வீடியோ சேனல் ஒன்று தனியே அமைக்கப்பட்டது.

ஏ.வி. சாக்கெட் தாமதமாக வந்ததன் காரணம்

டெக்கிலேயே படத்துக்கு மஞ்சள், ஒலிக்கு வெள்ளை, சிவப்பு நிறச் சாக்கெட்டுகள் வந்த பின்னும் பல வீடுகளில் அவை பயன்படாமல் கிடந்தன. இதற்குப் பாதுகாப்பு சார்ந்த காரணம் உண்டு. பழைய தொலைக்காட்சிகள் பலவற்றின் உட்சட்டகம் 230 வோல்ட் மின்சாரத்துடன் நேரடித் தொடர்பு கொண்டது. ஆன்டெனா சாக்கெட் மட்டும் மின்தேக்கிகள் மூலம் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அத்தகைய பெட்டியில் துளையிட்டு ஏ.வி. சாக்கெட் பொருத்தினால், டெக்கின் உலோக உடல்வரை மின்சாரம் பாயக்கூடும். மின்பிரிப்பு கொண்ட மின்வழங்கியுடன் வடிவமைத்த புதிய பெட்டிகளில்தான் ஏ.வி. இணைப்பு பாதுகாப்பாக அமைந்தது.

ஒலிக்குத் தனி வழி

ஆன்டெனா வழியில் பெரிதும் இழப்பது ஒலி. ஸ்டீரியோ டெக்காக இருந்தாலும் மாடுலேட்டர் பொதுவாக இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கியே அனுப்பும். அதையும் தொலைக்காட்சியின் சிறு ஸ்பீக்கர் மேலும் குறுக்கும். ஆகவே படத்தை ஆன்டெனா ஒயரில் அனுப்பி, ஒலியை மட்டும் டெக்கின் ஆடியோ வெளியீட்டிலிருந்து ஸ்டீரியோவுக்கு எடுத்துச் செல்வது ஒரு தீர்வு. தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டால் கூடம் சிறு திரையரங்காகும்.

இதற்கு ஆம்ப்ளிஃபையரின் 'ஆக்ஸ்' அல்லது 'லைன்' சாக்கெட்டே பொருத்தமானது. 'ஃபோனோ' சாக்கெட் இசைத்தட்டு முள்ளுக்குரியது. சில மில்லிவோல்ட் குறிப்பலையை எதிர்பார்ப்பது. டெக் தரும் குறிப்பலை அதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலியது. தவறிச் செருகினால் ஒலி கரகரத்துச் சிதையும். மோனோ டெக்கானால் ஒரு வெளியீட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒயர் வேண்டும். ஸ்பீக்கரைப் படக்குழாய்த் தொலைக்காட்சிக்கு அருகில் வைத்தால் அதன் காந்தம் திரையில் நிறக்கறை ஏற்படுத்தும்.

ஆனாலும் நாடாவில் இல்லாத ஒலியை ஸ்டீரியோ தர முடியாது. சாதாரண வி.எச்.எஸ். கேசட்டில் ஒலி, நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய தடத்தில் பதிவாகிறது. அங்கு நாடா நகரும் வேகம் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்; பாட்டுக் கேசட்டின் வேகமான 4.76 சென்டிமீட்டரில் ஏறத்தாழ பாதி. 1980களின் நடுவில் வந்த ஹை-ஃபை முறை, சுழலும் உருளையிலுள்ள காந்தமுனைகளால் ஒலியையும் பதித்து இக்குறையைத் தீர்த்தது. அதன் பயனைப் பெற ஹை-ஃபை டெக், ஹை-ஃபை முறையில் பதிந்த கேசட், தனி ஒலி ஒயர் ஆகிய மூன்றும் தேவை.

சட்டமும் கேபிளும்

வீட்டுக்குள் நுழைந்த படம் திரையரங்கின் வருவாயைத் தொட்டது. 1984இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, வீடியோ படங்களும் திரைப்படம் என்ற வரையறைக்குள் வந்தன. திருட்டுப் பிரதிகளுக்குத் தண்டனை கடுமையானது. வி.சி.ஆர். மூலம் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த அதே ஆண்டில் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது.

டெக்கின் ஒயர் பிறகு தெருவிலும் நீண்டது. ஓர் அறையிலிருந்த டெக்கின் படத்தை ஒரு சேனலில் ஏற்றிப் பல வீடுகளுக்கு அனுப்பியதே தொடக்ககால உள்ளூர்க் கேபிள். வீட்டுக்குள் டெக்கும் தொலைக்காட்சியும் இணைந்த முறையின் பெருக்கமே அது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் கேபிளில் செயற்கைக்கோள் சேனல்கள் முதன்மை பெற்றன. குறுந்தட்டுகளும் வந்தபின் வாடகை டெக்கின் தேவை குறைந்தது.

இன்றைய நிலை

திரைப்படங்களுக்கு வேறு பிரதிகள் உண்டு. திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா போன்ற வீட்டுப் பதிவுகளுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு கேசட்டே உண்டு. உலகில் கடைசியாக வி.எச்.எஸ். கருவி தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்தியது. காந்த நாடாக்கள் அழிவதற்குள், ஓட்டும் கருவிகள் கிடைக்காமல் போகும் என்று யுனெஸ்கோ சார்ந்த எச்சரிக்கை முயற்சியும் சுட்டியிருக்கிறது.

புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் மஞ்சள் சாக்கெட் இல்லை, எச்.டி.எம்.ஐ. மட்டுமே உள்ளது. இடையில் மாற்றுக் கருவி தேவை. கணினியில் சேமிக்க வேண்டுமானால் டெக்கின் ஏ.வி. வெளியீட்டிலிருந்து பதிவுக்கருவிக்கு நேரடியாக இணைப்பதே நல்லது; ஆன்டெனா வெளியீட்டில் தரம் வீணாகும். பூஞ்சை படிந்த கேசட்டைத் துப்புரவு செய்யாமல் ஓட்டினால் காந்தமுனையும் அடுத்து ஓடும் கேசட்டும் கெடும். அமெரிக்கா, கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்டுகள் 525 வரி என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கலாம், இந்தியாவின் 625 வரி பால் முறைக்கு மட்டுமான டெக்கில் அவை சரியாக ஓடா. இரு முறைகளையும் ஏற்கும் டெக் வேண்டும்.