கஞ்சா மருந்தும் ஊர் விதியும்

பழைய கிராமத்தை விட்டுவிட்டால் எங்கள் சான்பாடா சிட்கோ போட்ட ஊர். எந்த பிளாட்டில் வீடு, எதில் கடை, எதில் பள்ளிக்கூடம் என்று காகிதத்தில் வரைந்த பிறகுதான் செங்கல் வைத்தார்கள். மாட்டுங்கா, செம்பூரிலிருந்து குடிவந்தவர்களுக்கு முதலில் இது விநோதமாக இருக்கும். "எது எங்கே இருக்கலாம்" என்கிற இந்த விதியைத்தான் அமெரிக்காவில் ஜோனிங் என்கிறார்கள். அது ஒரு நோயாளியின் மருந்து வரை போகும் என்று நான் நினைத்ததில்லை.

கலிஃபோர்னியாவில் மகனோடு இருக்கும் என் சித்திக்கு கீமோ நடக்கிறது. குமட்டல் நிற்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் கஞ்சா மருந்துக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி போனில் கேட்டான்: "அண்ணா, இந்த ஊர்ல கடையே கிடையாது, சிட்டி தடை போட்டிருக்கு. ஆனா வீட்டுக்கே கொண்டு வந்து தருவாங்களாம். இது சரிதானா?" வட்டிக் கணக்கு கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். இதற்குக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது :-)

படித்தால், கதை நம் நாட்டில்தான் ஆரம்பிக்கிறது. கஞ்சாவால் இந்தியாவில் பைத்தியம் பெருகுகிறது என்று 1893-ல் லண்டன் பார்லிமெண்டில் பேச்சு எழுந்தது. அரசாங்கம் மக்வொர்த் யங் தலைமையில் ஒரு கமிஷன் போட்டது. 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். அப்போது வங்காளத்து நவுகாவில் கஞ்சா பயிரானது. மதராஸ் மாகாணத்தில் ஜவ்வாது மலைப் பக்கமும் பயிரானது. பம்பாயில் 1878-ம் வருட அப்காரி சட்டப்படி லைசென்ஸ் கடைகள் இருந்தன.

1894-ல் வந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு வங்கியின் கடன் கொள்கை ஞாபகம் வந்தது. அளவான உபயோகத்தால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம் என்றார்கள். பதிலாக, போதுமான வரி போடு, லைசென்ஸ் இல்லாமல் பயிரிட விடாதே, கடைகளின் எண்ணிக்கையைக் குறை, ஒருவர் கையில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்று வரம்பு வை. ஆபத்தை ஒழிக்கப் பார்க்காமல் அளந்து கட்டுப்படுத்தும் புத்தி இது. இன்று எந்த நகராட்சி கஞ்சா விதி எழுத உட்கார்ந்தாலும் ஏறக்குறைய இதே பட்டியலில்தான் வந்து நிற்கிறது.

நாம் அந்தப் பாதையை விட்டு விலகினோம். இங்கே 1949-ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. 1961-ம் வருட சர்வதேச போதைப்பொருள் ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக 1985 நவம்பர் 14 முதல் என்.டி.பி.எஸ். சட்டம் நாடு முழுக்க அமலானது. பூவும் காயும் கொண்ட நுனிதான் அதில் கஞ்சா. வெறும் இலை அதற்குள் வராது. ஜெய்சல்மேரில் அரசு அனுமதி பெற்ற பாங் கடை பகிரங்கமாக நடப்பது அதனால்தான். மகாராஷ்டிராவில் பாங்குக்கும் லைசென்ஸ் வேண்டும். மருத்துவத்துக்கான கதவை 1985 சட்டம் மூடவில்லை. "விஜயா" என்ற பெயரில் இலையிலிருந்து செய்த ஆயுர்வேத மருந்துகள், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையோடு, சீட்டின் பேரில் கூரியரிலும் வருகின்றன.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கலிஃபோர்னியா மக்கள் 1996-ல் ஓட்டுப் போட்டு மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தார்கள். மாநிலம் சரி என்றது. ஊர்கள் பல மறுத்தன. ரிவர்சைடு நகரம் ஜோனிங் விதியில் இந்தக் கடைகளைத் தடை செய்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 மே மாதம் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கடைக்கு ஊரில் இடமில்லை என்றால் நோயாளிக்கு வண்டிதான் கதி. 2019 ஜனவரியில், லைசென்ஸ் உள்ள டெலிவரிக்காரர் எந்த ஊருக்கும் போகலாம் என்று மாநிலம் விதி போட்டது. சாண்டா குரூஸ் கவுண்டியும் பல நகரங்களும் சேர்ந்து வழக்குப் போட்டன. 2020 நவம்பரில் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் அந்த விதி ஊர்களின் கையைக் கட்டாது என்றும் கோர்ட் சொல்லிவிட்டது. குழப்பம் அப்படியே நின்றது.

முடிச்சை அவிழ்த்தது 2022-ல் கையெழுத்தான எஸ்.பி. 1186 சட்டம். 2024 ஜனவரி 1 முதல், நோயாளிக்கு மருத்துவக் கஞ்சா வீடு வந்து சேர்வதை எந்த ஊரும் தடுக்க முடியாது. வியாபாரம் எந்த இடத்தில் இருக்கலாம், பாதுகாப்பு எப்படி என்பதற்கெல்லாம் ஊர் நியாயமான விதி போடலாம். இதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை வேண்டாம் என்று சொல்ல ஊருக்கு உரிமை உண்டு. படுத்திருப்பவளின் வாசலை மறிக்க இல்லை.

பணம் கட்டும் இடத்தில் தம்பி இன்னொன்றைக் கவனித்தான்: ரொக்கம் கேட்டார்கள். மத்தியச் சட்டம் தடுத்ததால் பெரிய வங்கிகள் இந்த வியாபாரத்தைத் தொடத் தயங்கின. கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று 2014 பிப்ரவரியில் அமெரிக்க நிதித்துறை வழி சொன்னது. அந்த அறிக்கைகளை எழுதிப் பார்த்தவன் சொல்கிறேன், எந்த மேனேஜரும் அப்படி ஒரு கணக்கைத் தேடிப் போக மாட்டார்.

கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநிலம் அனுமதித்திருந்தாலும் கஞ்சா விஷயம் குடியுரிமை விண்ணப்பத்தைக் கெடுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் அமெரிக்கக் குடியேற்றத் துறை அறிவித்தது. சித்தியிடம் இருப்பது கிரீன் கார்டுதான். முதல் பாட்டில் வாங்கும் முன் வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு வரும்போது அந்த பாட்டில் பெட்டியில் இருக்கவே கூடாது. டாக்டர் சீட்டு மும்பை விமான நிலையத்தில் காப்பாற்றாது.