பீலி: விளிம்பில் நிற்கும் சொல்

தென்காசிப் பிள்ளைகளுக்கு மயிலிறகு தெரியும். நோட்டுக்குள் வைத்து, நாலு அரிசியும் போட்டு மூடினால் குட்டி போடும் என்று நம்பிய காலம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ‘பீலி’ என்று சொல்லிப் பாருங்கள். தமிழய்யா நடத்திய குறள் ஞாபகத்துக்கு வரும், பரீட்சை ஞாபகத்துக்கு வரும், இறகு வராது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கே இறங்கினால் கதை வேறு. அங்கே மயில்பீலி என்பது வீட்டுப் பேச்சு. கண்ணிமை மயிருக்குக் கூட மலையாளத்தில் கண்பீலி என்றுதான் பெயர். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர். ஒரே மலை, ஒரே மயில், ஒரே சொல். மலைக்கு மேற்கே உயிரோடு இருக்கிறது, கிழக்கே ஏட்டில் இருக்கிறது.

அந்தக் குறள் வலியறிதல் அதிகாரத்தில் 475ஆவது. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் மயிற்பீலி பாரமே வண்டியின் அச்சை முறித்துவிடும் என்பது அதன் செய்தி. உவமை என்று அதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பீலியை வண்டி வண்டியாக ஏற்றிச் செல்வது கேட்பவருக்குப் பழக்கமான காட்சியாக இருந்தால்தான் அந்த உவமை எடுபடும். ஒரு வளர்ந்த ஆண் மயிலுக்கு நூற்றைம்பதுக்கு மேல் தோகை இறகு இருக்கும். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலக் கூடல் முடிந்ததும் அத்தனையையும் உதிர்த்துவிடும். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், குற்றாலத்தில் சாரல் ஓய்கிற ஆவணி, புரட்டாசி மாதங்கள். அப்போது காட்டுக்குள் போனவர்கள் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தது சமவெளியில் எங்கோ ஒரு தேவைக்குப் போயிருக்கிறது. வண்டி நிறைய வேண்டும் என்றால் அது சின்னத் தேவை அல்ல.

என்ன தேவை என்று சங்கப் பாட்டுகள் சொல்கின்றன. புறநானூற்றின் 50ஆவது பாட்டில் அது முரசு. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் வீரமுரசு. வார் இறுக்கிக் கட்டிய அந்த முரசுக்கு நீண்ட மயிற்பீலியும் உழிஞையும் சூட்டியிருந்தார்கள். அதை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரத்தில், களைத்து வந்த மோசிகீரனார் வெறும் முரசுகட்டிலைப் படுக்கை என்று நினைத்து ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். முரசுகட்டிலில் ஏறியவரை வாளால் இரண்டாக்கலாம், அதுதான் முறை. அரசன் வெட்டவில்லை, பக்கத்தில் நின்று விசிறினான். இந்தக் கதையை அரசனின் தமிழ்ப்பற்றுக்குச் சான்றாகவே சொல்லி வருகிறோம். எனக்கு அதில் முரசின் நிலைதான் முதலில் படுகிறது. நீராட்டு, பூப்பரப்பிய கட்டில், பீலி: இது ஒரு கருவிக்குச் செய்கிற காரியம் அல்ல, தெய்வத்துக்குச் செய்கிற காரியம்.

அடுத்தது நடுகல். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய 232ஆவது பாட்டில், அவன் கல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் வார்க்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சிறு கள்ளை வாங்கிக்கொள்வானா என்று அவர் கேட்கிற கேள்வி இன்றும் நெஞ்சை அறுக்கிறது. அகநானூற்றின் 67ஆம் பாட்டிலும் 131ஆம் பாட்டிலும் பாலைவழி நெடுகப் பெயர் பொறித்த கற்கள் பீலியோடு நிற்கின்றன. கல்லுக்கும் முரசுக்கும் பாட்டு சொல்கிற வினை ‘சூட்டு’. முடியைச் சூட்டுவோம், பூவைச் சூட்டுவோம். பீலியையும் அப்படித்தான். தொண்டைமானின் ஆயுதச்சாலையில் நெய் பூசி, பீலி கட்டி, புதுக்கருக்கோடு நிற்கிற வேல்களை ஔவையார் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் புகழ்வது போலப் பழிக்கிறாரே, அங்கே வினை ‘அணி’. போருக்குப் போகாத வேலுக்கு அது வெறும் அலங்காரம்தான். ஒரு சொல்லின் வித்தியாசத்தில் இவ்வளவு ஏற்றலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஔவையார் சொல்லெண்ணி வைத்தவர் என்பதால் எனக்குத் தயக்கம் இல்லை.

பீலிக்கு நம் அகராதிகள் தருகிற இன்னொரு பொருள் கால்விரல் அணி. அதைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டாம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்து ஊர்க்காரர் திரிகூட ராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், ஊர் ஊராகக் குறி சொல்லித் திரும்பிய சிங்கியைப் பார்த்து சிங்கன் திகைக்கிறான். அவன் கண்ணியும் வலையுமாகப் பறவை பிடித்துத் திரிகிறவன்; நகை என்று எதுவும் அவனுக்குத் தெரியாது. அவள் சுண்டுவிரலில் ஏதோ பூச்சி சுருண்டு கிடக்கிறதே என்கிறான். கண்டி தேசத்தில் முன்பு நான் பெற்ற காலாழி, பீலி என்று அவள் பெருமையாகச் சொல்கிறாள். பறவைவேடன் ஒருவனின் முகத்துக்கு நேரே கவிராயர் பீலி என்ற சொல்லை நீட்டுகிறார், அது இறகு இல்லை, நகை. தற்செயலாக விழுந்த சொல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கண்டி என்றதும் இன்னொரு பீலி வருகிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் கொட்டுகிற குழாய்வாய்க்குப் பீலி என்று பெயர். பீலிக்கரை என்றால் அங்கே பாதி ஊர்க்கதை நடக்கிற இடம். தேயிலைக்கும் காப்பிக்கும் கப்பலேறியவர்களில் திருநெல்வேலிச் சீமைக்காரர்களும் உண்டு. சிங்களத்திலும் இதற்கு நெருங்கிய சொல் ஒன்று இருப்பதால், தண்ணீர்ப் பீலியும் மயில் பீலியும் ஒரே வேர் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் இவற்றை வரிசையாக வைத்தால் ஒன்று புலப்படுகிறது. தோகையின் நுனி, இமையின் ஓரம், காலின் கடைசி விரல், தண்ணீர் சட்டென்று வெளியில் பாய்கிற வாய். எல்லாமே ஒரு பொருள் முடிகிற இடத்தில் நிற்பவை. பீலி என்ற சொல்லின் அடியில் ‘விளிம்பில் அமைவது’ என்ற எண்ணம் கிடக்கிறது என்பது என் ஊகம். நடுகல்லின் உச்சியிலும் முரசைச் சுற்றியும் பீலி ஏன் போயிற்று என்பதும் இதோடு சேர்கிறது. கல் முடிந்து வெளி தொடங்குகிற இடத்தில்தான் கும்பிடுகிறவன் கண் முதலில் படும்.

தோகை என்ற சொல்லுக்கு வேறு யோகம். எபிரேய வேதத்தில் சாலமோன் கப்பல்களில் வந்த மயிலுக்குரிய சொல் நம் தோகையிலிருந்து போனது என்று இடையன்குடியில் இருந்த கால்டுவெல் தமது 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தில் வாதிட்டார். அதை ஏற்காதவர்களும் உண்டு. பீலி கடல் தாண்டிப் புகழ் தேடவில்லை. வீரனிடமிருந்து துறவியிடம் போயிற்று. சமண முனிவர்கள் உட்காரும் முன் எறும்புக்கும் தீங்கு வராமல் தரையைத் தள்ளிவிடப் பிடித்திருந்தது பீலிக்கற்றை. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட அந்தக் காலம் முழுக்க இந்தப் பக்கமும் அது பழகிய பொருளே. மென்மையானது, பறவையைக் கொல்லாமல் கிடைப்பது. தர்காக்களில் மயிலிறகுக் கட்டால் தலையில் தடவி துஆ செய்கிற வழக்கமும் இருக்கிறது.

பிறகு முருகன். பண்பொழித் திருமலை, இலஞ்சி, ஆய்க்குடி என்று தென்காசியைச் சுற்றி அவன் கோயில்கள். காவடியை அருகில் போய்ப் பாருங்கள். வளைத்த மரச்சட்டம், பட்டுத்துணி, பால் சொம்பு. இரண்டு முனையிலும் இறகுக் கட்டு. நடுவில் அல்ல, முனையில். ஆடுகிறவர் சுற்றும்போது தோளில் சட்டம் கனக்கிறது, முனையில் இருக்கிற இறகுகள் மட்டும் விரிந்து காற்றைப் பிடிக்கின்றன. காவடிக்கென்றே மெட்டமைந்த காவடிச்சிந்தைக் கொடுத்ததும் இந்த மாவட்டம்தான். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடினார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்தார், பாட்டு கழுகுமலை முருகன் மேல். சமணப் பீலி போன அதே மலைக்குக் காவடிப் பீலியும் ஏறிற்று.

ஓர் இறகைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வெள்ளைத் தண்டு, அடியில் சிலும்பிய நூல்கள், மேலே போகப் போக அடர்த்தி, உச்சியில் கண். கண்ணின் நடுவில் இதயம் போல் கருநீலம், அதைச் சுற்றி நீலப்பச்சை, பிறகு செம்பு நிறம், அப்புறம் பொன்பச்சை வளையங்கள். தோகையின் ஓரத்து நீள இறகுகளில் கண் இருக்காது. நுனி மீன்வால் போலப் பிளந்திருக்கும். இத்தனை நிறத்துக்கும் சாயம் கிடையாது. நூலிழைக்குள் நுண்ணிய கறுப்புக் கோல்கள் அடுக்கிய முறையில் ஒளி பட்டுத் தெறிப்பதுதான் நீலமும் பச்சையும். நனைத்தால் அந்த நிறங்கள் போய்விடுகின்றன என்று ராபர்ட் ஹூக் 1665இலேயே தம் நுண்ணோக்கிப் புத்தகத்தில் எழுதிவைத்தார். வாலுக்கும் தோகைக்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். உண்மையான வால் குட்டையான பழுப்பு இறகுகள். விரிந்த தோகையைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பது அதுதான்.

இறகுக்கு இந்த மரியாதை நம்மிடம் மட்டும் இல்லை. வட அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடிகளிடம் தலைச்சூடியில் ஒவ்வொரு கழுகிறகும் ஒரு செயலால் ஈட்டியது. ஹவாயில் தலைவர்கள் சின்னஞ்சிறு பறவைகளின் சிவப்பு, மஞ்சள் இறகுகளால் ஆன மேலாடை போட்டார்கள். மெக்சிகோவின் ஆஸ்டெக்குகளுடைய கெட்ஸல் இறகு மகுடம் இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் திருப்பித் தரும்படி மெக்சிகோக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவில் கழுகைக் காக்க 1940இல் சட்டம் வந்தது. செத்துப்போன கழுகுகளின் இறகைக் கொலராடோவில் ஓர் அரசுக் களஞ்சியத்தில் சேர்த்து, பூர்வகுடிகள் சடங்குக்குக் கேட்டு எழுதினால் அனுப்புகிறார்கள். காத்திருப்பு நீளமானது.

நம் சட்டம் வேறு வழியில் போயிற்று. 1963இல் மயில் தேசியப் பறவை ஆயிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்தது. ஆனால் தோகை இறகுக்கு மட்டும் விலக்குத் தந்தது. கொல்லாமல், உதிர்ந்ததை எடுத்து நாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உதிர்ந்ததா பிடுங்கியதா என்பதை அடித்தண்டு காட்டிக்கொடுக்கும். தானாக விழுந்ததன் நுனி காய்ந்து சுத்தமாக இருக்கும், பிடுங்கியதில் சதையோ இரத்தமோ ஒட்டியிருக்கும். காவடிக்கு இறகு வாங்குகிறவர்கள் அந்த நுனியைத் திருப்பிப் பார்த்தே வாங்கவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தென்காசி வட்டாரத்து வயல்களில் இப்போது மயில் பெருகி, விதைத்ததைக் கிளறுகிறது என்று விவசாயிகள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையும் நியாயமானது, ஆனால் பதில் விஷம் அல்ல.

கேரளத்துக் கோயில்களில் பூக்கள் கட்டிய காவடிக்குப் பூக்காவடி, மயிலிறகு கட்டியதற்குப் பீலிக்காவடி என்று பெயர். யானை மேல் நின்று உயர்த்திப் பிடிக்கிற மயிலிறகு விசிறி ஆலவட்டம். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் சங்கச் சொல்லைச் சங்க வேலைக்கே இன்னும் வைத்திருக்கிறார்கள். பண்பொழியிலும் இலஞ்சியிலும் அந்தப் பெயரை எடுத்து ஆளலாம், இரவல் என்று யாரும் சொல்ல முடியாது.