சிரிஞ்சில் பிறந்த பிரிண்டர்

இன்னைக்கு எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாலும், பக்கத்தில் நாலு சின்ன மைத் தொட்டியோட நிற்கிற இங்க் டேங்க் பிரிண்டர்தான் முதலில் கண்ணில் படும். ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்த வசதி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் கம்பெனி விலைக்கு மை வாங்கிக் கட்டுப்படியாகாத சாதாரண ஆட்கள், பல வருஷம் பிரிண்டரின் வயிற்றைக் குடைந்து பார்த்ததால் வந்த பொருள் அது. கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்திப் போடுகிறேன்.

கதை 1977இல், ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் தொடங்குகிறது. அங்கே இச்சிரோ எண்டோ என்ற பொறியாளரின் மேசையில் மை நிரப்பிய சிரிஞ்ச் ஒன்று இருந்தது. சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக அதன் ஊசியில் பட, நுனியிலிருந்து மை தெறித்தது. சூடுபட்ட மையில் குமிழி உருவாகி, அது மையை வெளியே தள்ளுகிறது. அவ்ளோதான் தத்துவம். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டின் ஜான் வாட் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1984இல் ஹெச்பி திங்க்ஜெட் விற்பனைக்கு வந்தது. விலை 495 டாலர், தலையில் 12 துளைகள்.

இங்கே ஒரு பொறியியல் முடிவைக் கவனிக்கணும். பின்னால் நடந்த அத்தனை சண்டைக்கும் அதுதான் வேர். குமிழியை உண்டாக்கும் குட்டி ரெசிஸ்டர் ஒவ்வொரு சொட்டுக்கும் சூடாகி ஆறுகிறது; நாளடைவில் தேய்கிறது. அதனால் ஹெச்பி, அச்சடிக்கும் தலையையே மை டப்பாவோடு சேர்த்து, மை தீர்ந்தால் தலையோடு தூக்கி எறி என்று வடிவமைத்தது. எப்சன் போன வழி வேறு. மின்சாரம் கொடுத்தால் வளைகிற பீசோ படிகத்தால் மையைத் தள்ளினார்கள். சூடு கிடையாது, தலை பிரிண்டரிலேயே நிரந்தரமாக இருக்கும். கேட்ரிட்ஜ் வெறும் மை டப்பா.

சரி, மை ஏன் இவ்வளவு விலை? எல்லாரும் உடனே சொல்வது ஜில்லெட் ரேசர் கதை: ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி. இந்த இடத்தில் சின்ன இடைச்செருகல். ராண்டல் பிக்கர் என்ற சட்டப் பேராசிரியர் பழைய விலைப்பட்டியல்களைத் தோண்டிப் பார்த்தார். காப்புரிமை கையில் இருந்தவரை ஜில்லெட் ரேசரை 5 டாலருக்கு, அந்தக் காலத்துக்கு நல்ல விலைக்குத்தான் விற்றிருக்கிறார்கள். காப்புரிமை 1921இல் முடிந்த பிறகுதான் ரேசர் மலிவானது. இங்க்ஜெட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1988இல் வந்த முதல் டெஸ்க்ஜெட் 995 டாலர். போட்டி முற்றி, 2000 வாக்கில் 100 டாலருக்குக் கீழேயே பிரிண்டர் கிடைக்க ஆரம்பித்தபோது, லாபம் முழுக்க மைக்கு இடம் மாறிவிட்டது.

வாடிக்கையாளர்கள் சும்மா இருப்பார்களா? டாட் மேட்ரிக்ஸ் காலத்திலேயே தேய்ந்த ரிப்பனுக்கு மறுபடி மை ஏற்றி ஓட்டிய ஊர் நம்முடையது. எங்கள் காலேஜ் லேபில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்த ரிப்பன்கள் எத்தனை ஜென்மம் எடுத்தவை என்று யாருக்கும் தெரியாது! இங்க்ஜெட் வந்ததும் ரிட்சி தெருவிலிருந்து மாவட்டத் தலைநகர்கள் வரை சிரிஞ்சோடு ரீஃபில் கடைகள் முளைத்தன. லேபிளை உரி, துளையில் ஊசியை விடு, மெதுவாக அழுத்து. மெதுவாக என்பது முக்கியம். உள்ளே இருக்கும் பஞ்சுதான் மை ஒழுகாமல் பிடித்து வைக்கிறது. அளவுக்கு மீறி நிரப்பினால் ஒழுகிவிடும். மை முழுசாகத் தீர்ந்த பிறகு கொண்டுபோனால் பல நேரம் கதை முடிந்திருக்கும். சூட்டு முறைத் தலையில் ரெசிஸ்டரைக் குளிர்விப்பதும் மைதான். மை இல்லாமல் அடித்தால் அது கருகிவிடும். எழுத்து மங்கத் தொடங்கும்போதே நிரப்பினால் ஒரே கேட்ரிட்ஜ் நாலைந்து தடவை ஓடும்.

எப்சன் டப்பாவில் கருகுவதற்குத் தலையே இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் நிரப்பலாம். அதனால் அங்கே காவலுக்கு வந்தது சிப். அது மையை அளப்பதில்லை, அடித்த சொட்டுகளைக் கணக்கு வைக்கிறது. கணக்கு முடிந்தால் டப்பா காலி என்று பொருள், உள்ளே மை இருந்தாலும். உடனே சிப்பை ரீசெட் செய்யும் கருவிகளும் மென்பொருள்களும் வந்தன.

லேசர் பக்கத்தில் லெக்ஸ்மார்க் இன்னும் ஒரு படி மேலே போனது. டோனர் கேட்ரிட்ஜ் சிப்பில் சின்ன நிரல் ஒன்றை வைத்து, அதை நகலெடுத்தது பதிப்புரிமை மீறல் என்று ஸ்டாட்டிக் கன்ட்ரோல் என்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஒரு மாடலில் அந்த நிரலின் மொத்த அளவு 55 பைட். ஒரு எஸ்எம்எஸ்ஸில் பாதிகூட வராது! கீழ்க் கோர்ட்டு கொடுத்த தடையை 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. பிறகு காலி டப்பாக்களை வாங்கி நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் ப்ராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தோடு காப்புரிமைச் சண்டை. 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்றதோடு அதன் மேல் உள்ள காப்புரிமை அதிகாரம் தீர்ந்துவிடுகிறது என்று சொல்லிவிட்டது.

கோர்ட்டில் தோற்றாலும் மென்பொருளில் ஜெயிக்கலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் பல ஆஃபீஸ்ஜெட் பிரிண்டர்கள், முந்தின நாள் வரை ஏற்றுக்கொண்ட வேறு கம்பெனி கேட்ரிட்ஜ்களை நிராகரித்தன. முன்பே அப்டேட்டில் போன கட்டுப்பாடு, குறித்த தேதியில் விழித்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஹெச்பி வருத்தம் தெரிவித்து மாற்று ஃபர்ம்வேர் கொடுத்தது. ஆனால் அந்த முறையைக் கைவிடவில்லை. கோடு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பிழையைத் திருத்தத்தான் அப்டேட் என்ற நம்பிக்கையை இது கெடுத்துவிட்டது.

இந்தச் சண்டைக்கு நடுவே ஆசியாவில் வேறொரு வேலை சத்தமில்லாமல் நடந்தது. எப்சன் தலை நிரந்தரம் என்பதால், டப்பாவை நிரப்பிக்கொண்டே இருப்பானேன்? வெளியே நாலு புட்டி, அங்கிருந்து மெல்லிய குழாய்கள், நேரே தலைக்கு மை. இந்தோனேசியாவில் இதற்கு வைத்த பேர் 'இன்ஃபுஸ்'. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற டிரிப்ஸுக்கு அங்கே உள்ள சொல்! ஜெராக்ஸ் கடை, ஸ்டுடியோ எல்லாம் இதற்கு மாறின. பிரிண்டர் கம்பெனியுடையது, மை வேறு யாருடையதோ. எப்சனுக்கு வருமானம் போனதோடு, குழாய் ஒழுகினால் கெட்ட பேரும் வந்தது.

வழக்குப் போடுவதற்குப் பதில் எப்சன் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டது. 2010 அக்டோபரில், அதே இந்தோனேசியாவில், கம்பெனியே தொட்டி வைத்துக் கொடுத்த பிரிண்டர் வெளிவந்தது. பிரிண்டர் விலை கூட, மை மலிவு. ரேசர் கதை தலைகீழ். அடுத்த வருஷம் இந்தியாவுக்கு வந்தது. வட அமெரிக்காவுக்கு 2015இல்தான் போனது. கேனனும் ஹெச்பியும் பின்னாலேயே வந்தார்கள். 2020 வாக்கில் எப்சன் மட்டும் விற்ற தொட்டிப் பிரிண்டர்கள் 5 கோடியைத் தாண்டின.

அப்போ எல்லாரும் டேங்க் வாங்கணுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சில சின்ன கருப்பு கேட்ரிட்ஜ்களுக்குக் கம்பெனியே சொல்லும் கணக்கு 120 பக்கம். எப்சனின் 70 மி.லி. கருப்பு மைப் புட்டிக்குச் சொல்வது சுமார் 4000 பக்கம். பக்கத்துக்கு 4 ரூபாய் மிச்சம், பிரிண்டருக்கு 7000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 1750 பக்கம் அடித்த பிறகுதான் லாபம். மாசம் 100 பக்கம் அடிக்கிற வீட்டில் ஒன்றரை வருஷம். மாசம் 10 பக்கம் அடிக்கிற வீட்டில் 14 வருஷத்துக்கு மேல்! அதற்குள் பிரிண்டரே பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும். அந்த வீட்டுக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடைதான் சரி. வீட்டிலேயே வேணும் என்றால் கருப்பு வெள்ளை லேசர். டோனர் தூள் காயாது.

இங்க்ஜெட்டில் காய்வதும் செலவுதான். அடைப்பெடுக்க ஒவ்வொரு முறை ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதும் நல்ல மை உள்ளே இருக்கிற பஞ்சுத் திண்டுக்குப் போகிறது. விட்டுவிட்டு அடிக்கிற வீடுகளில் சில பிரிண்டர்கள் பாதி மையைக்கூடக் காகிதத்தில் சேர்ப்பதில்லை என்று 2013இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்து எழுதியது. அந்தத் திண்டு நிரம்பிவிட்டது என்று கணக்குச் சொன்னால் பிரிண்டர் வேலை செய்யாது. அதற்கும் தனியாக ஒரு ரீசெட். நம் வீடுகளில் இன்னொரு பழக்கம், பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைப்பது. பிரிண்டரின் சொந்தப் பொத்தானில் அணைத்தால்தான் தலை ஓரமாகப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். பாதி வழியில் மின்சாரத்தைப் பிடுங்கினால் அது திறந்த வாயோடு காய்ந்துகொண்டிருக்கும்.