போருக்குப் பின் எதிர்காலம் கணித்தல்: கெல்சென்கிர்ச்சன் நகரும் ரூர் நிலக்கரியும் (1945–1951)

போராலும் சர்வாதிகாரத்தாலும் சிதைந்த ஒரு நாடு நாளை எவ்வாறு ஆளப்படும் என்பது வரலாற்றாய்வாளர் பலர் தவிர்க்க விரும்பும் வினா. ஆயினும் அவ்வினாவுக்கு முன்னோர் அளித்துச் சென்ற விடைகளும் வரலாற்றுச் சான்றுகளே. அவ்விடைகளுட் பெரும்பாலானவை ஏன் பொய்த்தன என்பதை, ஜேர்மனியின் ரூர்ப் பகுதியிலுள்ள கெல்சென்கிர்ச்சன் என்னும் நிலக்கரி நகரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. 1980களிலிருந்து ஈழத்தமிழ் ஏதிலியர் பெருமளவிற் குடியேறிய பகுதிகளுள் ரூரும் ஒன்று. விட்டுவந்த நாட்டின் நாளைய அரசியலைக் கணிப்பது அவர்தம் இல்லங்களில் அன்றாடப் பேச்சாகும். எனவே இவ்வாய்வு தமிழியலுக்குப் புறம்பானதன்று எனக் கருதுகிறேன்.

போர் முடியுமுன்பே கணிப்புகள் எழுந்தன. 1944 செப்டெம்பரில் கியூபெக் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட மோர்கெந்தோ திட்டம், ரூரின் தொழில்களை அகற்றி ஜேர்மனியை வேளாண் நாடாக்க எண்ணியது. ரூரை ஜேர்மனியிலிருந்து பிரித்துப் பன்னாட்டு ஆட்சியில் வைக்கப் பிரான்சு விரும்பியது. நாசிகள் மறைவிலிருந்து மீள்வர் என அஞ்சியோரும் உளர். இவை அனைத்தினும் வலுவாக நம்பப்பட்டது, பசித்த சுரங்கத் தொழிலாளர் பொதுவுடைமைக் கட்சியின் பக்கம் சாய்வர் என்னும் கணிப்பே.

அக்கணிப்புக்கு அடிப்படை இல்லாமலில்லை. 1920இல் ரூர்ச் செஞ்சேனை ஆயுதம் ஏந்திய மண் இது. வைமார்க் குடியரசின் இறுதி ஆண்டுகளில் இங்குப் பொதுவுடைமைக் கட்சி பெருவலிமை பெற்றிருந்தது. போர் விட்டுச்சென்ற நிலையோ மிகக் கொடிது. கெல்சென்கிர்ச்சனின் ஹோர்ஸ்ட் பகுதியில் நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்த கெல்சன்பெர்க் ஆலை குண்டுவீச்சுக்கு முதன்மை இலக்காயிற்று. அவ்வாலையில் வேலை செய்விக்க அவுஷ்விட்சிலிருந்து ஏறத்தாழ 2000 ஹங்கேரிய யூதப் பெண்கள் கொண்டுவரப்பட்டிருந்தனர். 1944 செப்டெம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலில் அவர்களுள் ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். பதுங்ககங்களுள் நுழைய அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. நகரின் எதிர்காலத்தைக் கணித்தோர் எவரும் இப்பெண்களைத் தம் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் ஈண்டுக் குறிக்க வேண்டும்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நகரைக் கைப்பற்றியது. கோடையில் ஆட்சி பிரித்தானியர் கைக்கு மாறியது. 1946 ஆகஸ்டு 23இல் பிரித்தானியர் வட ரைன்–வெஸ்ட்பாலியா மாநிலத்தை உருவாக்கினர். ரூரை அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தோடும் கத்தோலிக்க ரைன்லாந்தோடும் இணைத்த இச்செயலும் ஒருவகையில் கணிப்பே. செந்நிற ரூர் தனித்து நின்றால் என்னவாகும் என்னும் அச்சம் அதன் பின்னணியிலிருந்தது.

அடுத்து வந்த குளிர்காலம் அவ்வச்சத்தை மெய்ப்பிப்பதுபோலவே தோன்றிற்று. நாளொன்றுக்கு 1550 கலோரி என அறிவிக்கப்பட்ட உணவுப் பங்கீடு, 1947 இளவேனிலில் ரூர் நகரங்களில் 1000 கலோரிக்கும் கீழே வீழ்ந்தது. 1947 ஏப்ரல் 3இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். பதினேழு நாள்களுக்குப் பின் மாநிலச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. கிறித்தவ ஜனநாயக ஒன்றியம் 37.5 விழுக்காடும், சமூக ஜனநாயகக் கட்சி 32 விழுக்காடும் பெற்றன. பொதுவுடைமைக் கட்சிக்குக் கிடைத்தது 14 விழுக்காடு. பசியின் உச்சியிலும் அவ்வளவே. 1949 கூட்டாட்சித் தேர்தலில் நாடளாவிய நிலையில் அக்கட்சி 5.7 விழுக்காட்டுக்கு இறங்கியது. 1954இல் இம்மாநிலச் சட்டமன்றத்தில் அதற்கு ஓரிடமும் கிட்டவில்லை.

கிழக்கு ஜேர்மனியில் சோவியத் ஆட்சியின் நடைமுறையும், கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தோரின் வாய்மொழியும் இவ்வீழ்ச்சிக்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. அது மெய்யே; ஆனால் போதுமான விளக்கமன்று. ஏனெனில் சுரங்கங்களின் தொழிலாளர் மன்றங்களில் அதே பொதுவுடைமையர் சமூக ஜனநாயகத்தாருக்கு நிகரான செல்வாக்குடன் விளங்கினர். ஒரே தொழிலாளி சுரங்க வாயிலில் ஒருவருக்கும் வாக்குச்சாவடியில் வேறொருவருக்கும் வாக்களித்திருக்க வேண்டும். தன் குறையை எங்கே கொண்டு சென்றால் பயன் விளையும் என்று அவன் எண்ணினான் என்பதே இதிலிருந்து நான் பெறும் முடிவு. அவன் எக்கொள்கையன் என்று மட்டும் கேட்டமையாலேயே கணிப்போர் பிழைத்தனர்.

அக்குறை சென்ற வழியைக் காணலாம். நிலக்கரியின்றி ஐரோப்பா இயங்காது. ஆதலின் 1947 சனவரியில் ஆக்கிரமிப்பு ஆட்சி சுரங்கத் தொழிலாளருக்குப் புள்ளித் திட்டத்தைக் கொணர்ந்து, உழைப்புக்கேற்பக் கொழுப்பும் காப்பியும் சிகரெட்டும் வழங்கியது. அரசியல் கோரிக்கையும் தனிக்கட்சிக்கு உரியதாக நிற்கவில்லை. கிறித்தவ ஜனநாயகத்தாரே 1947 பிப்ரவரியில் ஆலென் நகரில் நிறைவேற்றிய திட்டத்தில் சுரங்கங்களைச் சமூகவுடைமைப் பொருளாதாரத்தின்கீழ்க் கொணர வேண்டுமென்றனர். 1948 ஆகஸ்டில் சட்டமன்றம் அதற்கொரு சட்டம் இயற்றியது. பிரித்தானிய இராணுவ ஆட்சி ஒப்புதல் தர மறுத்தது. தோல்விதான். எனினும் தெருவில் எழுந்த கோரிக்கை சட்டமன்றத்துள் நுழைந்துவிட்டது. 1951 தொடக்கத்தில் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகச் சுரங்கத் தொழிலாளருள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். தொழிற்சங்கத் தலைவர் ஹான்ஸ் பொக்லரும் தலைமை அமைச்சர் கொன்ராட் அடெனாவரும் பேசி உடன்பட்டனர். அவ்வாண்டு மே 21ஆம் நாளிட்ட சட்டம், நிலக்கரி, எஃகுப் பெருநிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் சம இடம் அளித்தது. வேலைநிறுத்தம் நடைபெறவேயில்லை.

கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தோர் பற்றிய கணிப்பும் இத்தகையதே. இழந்த நிலத்துக்காக அவர்கள் அடுத்த போரை வேண்டுவர் என்று பலர் அஞ்சினர். 1950இல் அவர்களுக்கென ஒரு கட்சி தோன்றி, 1953இல் நாடாளுமன்றத்துள் நுழைந்தது, 1957இல் வெளியேறியது. அதற்குள் 1952ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சமநிலைச் சட்டம் வந்திருந்தது. சுரங்கங்களும் ஆலைகளும் ஆள்களைத் தேடிக்கொண்டிருந்தன.

தற்செயலின் பங்கையும் மறைத்தலாகாது. 1950 சூனில் வெடித்த கொரியப் போர் எஃகுக்கும் நிலக்கரிக்கும் ஏற்படுத்திய தேவையை 1945இல் எவரும் கண்டிருக்கவியலாது. அவ்வளம் என்றும் நிலைக்கும் என்று நம்பியோரும் 1958இல் நிலக்கரி நெருக்கடி வந்தபோது ஏமாந்தனர்.

இனி இலங்கையை நோக்குவோம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது வென்றவர் ஆட்சி பல்லாண்டு அசையாது என்று கணித்தோர் பலர். 2015இல் அவ்வாட்சி தோற்றது. 2019இல் அக்குடும்பம் மீண்டது. 2022 சூலையில் குடியரசுத் தலைவர் நாட்டைவிட்டே வெளியேறினார். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 இடங்களுள் 159ஐ வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களுள் மூன்று அதற்குக் கிடைத்தன. இதனைத் தமிழ்த் தேசியத்தின் முடிவு எனப் படிப்போர், 1947இன் 14 விழுக்காட்டைக்கொண்டு ரூர்த் தொழிலாளரின் கோரிக்கையே மறைந்தது எனக் கருதியோரின் பிழையை மீண்டும் செய்கின்றனர். ஆயினும் ஒப்புமைக்கு எல்லை உண்டு. ஜேர்மனியில் போர் தொடுத்த அரசு முற்றாக வீழ்ந்தது. இலங்கையில் போர் நடத்திய அரசே வென்று நிலைத்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம், குறையைக் கொண்டுசெல்ல வேறிடமின்றித் தெருவிலேயே நின்றது. வாக்கு விழுக்காட்டுக்கு முன் ஆய்வாளர் நோக்க வேண்டியது இதனையே.

கெல்சென்கிர்ச்சனின் கடைசிச் சுரங்கங்களுள் ஒன்றான ஹியூகோ 2000இல் மூடப்பட்டது. மேற்பார்வைக் குழுவில் சம இடம் தந்த சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆனால் அதன்கீழ் வந்த சுரங்கங்கள் இல்லை. 2025 பிப்ரவரித் தேர்தலில், நெடுங்காலம் சமூக ஜனநாயகத்தாரின் கோட்டையாயிருந்த இந்நகரில் ஜேர்மனிக்கான மாற்று என்னும் வலதுசாரிக் கட்சி கட்சிப்பட்டியல் வாக்குகளில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் நடந்த நகரத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் அக்கட்சியின் வேட்பாளரைச் சமூக ஜனநாயகக் கட்சியின் அந்திரேயா ஹென்சே வென்றார்.